மேல் டிவிசனுக்கு ஒரு கூறைச்சேலை

மாசி 7, திங்கள்

வெயில். ரந்தாவ் டவுன் முழுக்கப் புழுதி. கடை திறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணி நேரம் நின்று எஸ்டேட்டுகளுக்குப் போகப் பாஸ் வாங்கினேன். வெள்ளி மாலை ஆறுக்குள் திரும்பியாக வேண்டும். சுற்று எழுதிக் கொடுத்தது: ரந்தாவ், கீழ் டிவிசன், மேல் டிவிசன், முகட்டு மலாய்க் கம்பம், லாபு, மம்பாவ், மறுபடி ரந்தாவ். முழுக்க நடை. கீழ் டிவிசனுக்கு மேலே லாரி ஏறாது. ஏறிய ஒன்றையும் போன மாதம் காட்டிலிருந்து வந்து எரித்துவிட்டார்கள்.

பாஸில் சிவப்பு மையில்: உணவுப் பொருள் கூடாது. ஒரு பிடி சோறு வேலிக்கு வெளியே போனாலும் அது காட்டில் பதுங்கியிருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஜெயில்.

மூட்டையில்: வாயில் சேலை, கைலி, பாவாடைத் துணி. முழக்கோல். கத்தரிக்கோல். அஞ்சலை மகளுக்குக் கூறைச்சேலை, அரக்கு, சரிகைக் கரை. மறக்காமல் சைக்கிள் மணி.

வீட்டுக்காரி மீனாட்சி காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

"அந்தச் சேலைய யாருகிட்டயாச்சும் குடுத்துவிட்டா என்னாங்க?"

"யாரு போறா?"

யாரும் போவதில்லை. அதனால்தான் நான் போகிறேன்.

சனிக்கிழமை மேல் டிவிசனை (மே.டி.) சர்க்காரில் காலி செய்கிறார்கள். எல்லாரும் ரோட்டோரம், கீழ் டிவிசனை ஒட்டிப் போட்டிருக்கும் கம்பி வேலிக்குள். அதற்கு முன் வியாழன் காலை அங்கே கடைசிக் கல்யாணம். அஞ்சலை ரப்பர் பால் வெட்டுகிறவள். புருஷன் போய் ஐந்து வருஷம். தீபாவளிக்கு நான் போனபோது மாதிரித் துணியில் ஒரு விரலகலம் வெட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இதே நெறம் வேணும்ண்ணே." லயத்தில் பத்துப் பேர் கேட்கச் சொன்னேன்: முகூர்த்தத்துக்கு முதல் நாள் சேலை வீட்டில் இருக்கும். தலைச்சுமையில் ஆரம்பித்துக் கடை வைத்தது இந்த வாயால்தான். அதை மாற்றுவதற்கில்லை.

மாசி 8, செவ்வாய்

கிளம்பியது ஏழு மணி. ரப்பர் இலை உதிர்கிற மாதம். மரமெல்லாம் மொட்டை, தரையெல்லாம் சிவப்பு. நிழல் கிடையாது. ஒரு எட்டு வைத்தால் சருகுச் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். அதனால் பழைய சைக்கிள் மணியைக் கைக்கம்பில் கட்டி அடித்துக்கொண்டே நடை. பட்டாளத்தான் இருந்தாலும் மற்றவன் இருந்தாலும், ஜவுளிக்காரன் வருகிறான் என்று தெரியட்டும். பதுங்கிப் போகிறவனைத்தான் சுடுவார்கள்.

மதியம் கீழ் டிவிசன். தங்கல், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் கருப்பையா வீட்டில். அவர் மனைவி செல்லம்மா அஞ்சலைக்குக் கூடப் பிறந்த அக்கா. கல்யாணத்துக்குப் போக அவளுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. கூறைச்சேலையை விரித்துக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

"தாலியறுத்தவ மஞ்ச வைக்கக்கூடாதுண்ணே. பெரியம்மா நாந்தான் வைக்கணும். இங்கனயே மூலைல ஒரு பொட்டு வச்சுக் குடுத்துர்றேன், கொண்டு போயிருங்க."

முடியாது என்றேன். வாங்குகிறவள் கைக்குப் போகும்வரை துணியில் ஒரு புள்ளி படக்கூடாது. என் தொழிலில் அது சட்டம். கருப்பையா வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "துரைகூடக் கொஞ்சம் எறங்கி வருவாரு, இவரு மாட்டாருலா" என்றார். செல்லம்மா உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் உறுத்தல்தான். ஆனாலும் சரி.

மாசி 9, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

விடிந்ததும் செல்லம்மா ஐந்து தோசை போட்டாள். தின்றேன். கை கழுவப் போன நேரத்தில் மூட்டைக்குள் சோற்றுப் பொட்டலம் ஒன்றைச் செருகியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வெளியூர் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பி அவளுக்குப் பழக்கம் இல்லை. சட்டம் வந்தது நேற்று, பழக்கம் அதற்கு முன்னால்.

எஸ்டேட் கேட்டில் சோதனை. மலாய் சார்ஜெண்ட், நரைத்த மீசை. மூட்டையைப் பிரித்தான். வாழையிலை, மேலே பேப்பர், உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும்.

"யார் கட்டிக் கொடுத்தது?" மலாயில்.

எனக்குப் பின்னால் பால் வெட்டுகிறவர்கள் வரிசை. அதில் செல்லம்மா, கையில் வாளி. திரும்பிப் பார்க்கவில்லை நான்.

"யாரும் இல்லை, துவான். என் காலைச் சாப்பாடு."

"வெளியே கொண்டு போகிறாய்."

"கேட் இன்னும் தாண்டவில்லையே."

சொல்லிக்கொண்டே அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையைப் பிரித்தேன். சார்ஜெண்ட் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, "முழுக்கத் தின்னு. ஒரு பருக்கை மிஞ்சினால் ஸ்டேஷன்" என்றான்.

இரண்டு ஆள் சோறு. உள்ளே ஐந்து தோசை. வரிசையில் ஒருத்தி, "ஜவுளிக்காரரே, மறுசோறு வேணுமாலா?" இன்னொருத்தி, "வீட்டுல போடுறதில்ல போல, பாவம்." கடைசிப் பருக்கையையும் வழித்துவிட்டு இலையைத் தூக்கிக் காட்டினேன். போ என்று கை காட்டினான்.

அரை மைல் தாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மூச்சு விட முடியவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டலாம் என்று பிரித்தால், கூறைச்சேலை மூலையில் குழம்புக் கறை. ஒரு காசு அகலம். மஞ்சள், எண்ணெய்ப் பிசுக்கு, கருவாட்டு வாடை. பட்டில் தண்ணீர் பட்டால் பரவும். தொடவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை கறையோடு துணி.

ஏற்றம் முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். ராசிக்கு நானே மஞ்சள் வைத்துக் கொண்டுவந்தேன் என்று. நல்ல பொய். யாரும் குறை சொல்ல முடியாது.

மே.டி. போனபோது மணி நாலு. மணிச் சத்தம் கேட்டு அஞ்சலை வாசலிலேயே நின்றாள். "வந்துட்டீகளா!" உள்ளே போனதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தீபாவளிக்கு வாங்கிய அந்தத் துண்டை எடுத்துச் சேலைமேல் வைத்துப் பார்த்தாள். அதே நிறம். அதற்குப் பிறகு பொய் வாயில் வரவில்லை. கறையைக் காட்டினேன். கேட்டில் நடந்ததையும் சொன்னேன்.

குனிந்து மோந்து பார்த்தாள்.

"எங்கக்கா கொழம்பு. வேற எவளும் இம்புட்டு மஞ்சத்தூள் போட மாட்டா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நான் வைக்கக்கூடாது, அவளை வர விடல. ராவெல்லாம் ரோசனை, யார வச்சு வைக்கிறதுன்னு. அவளே வச்சு அனுப்பிச்சுட்டாண்ணே."

கல்யாணப் பெண் சரசு எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்தாள். "அம்மா, கருவாடு நாறுது."

"நாறட்டும்டி. மாப்பிள்ளைக்குப் பசி எடுக்கட்டும்."

வேறு சேலை மாற்றித் தருகிறேன் என்றேன். அதற்குள் அஞ்சலை சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

மாசி 10, வியாழன்

மூடுபனி. ஏழரைக்குத் தாலி. பாதி வீடுகளில் கதவைக்கூடக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள். பெட்டி படுக்கைக்கு நடுவில் மேளம். சரசு அந்த மூலையை வெளியே தெரிகிற மாதிரியே செருகியிருந்தாள்.

ஒன்பதுக்குக் கிளம்பினேன். அஞ்சலை: "கட்டிக் குடுக்க முடியாது. வயித்துல எவ்வளவு கொள்ளுமோ இங்கயே ஏத்திக்கிட்டுப் போங்க." நேற்றைய சோறே செரிக்கவில்லை. தின்றேன்.

முகட்டுக் கம்பம் மத்தியானம். மலாய்க்காரர் கிராமம், மாட்டுக் கொம்பு போலக் கூரை வளைந்த வீடுகள். கைலி மூன்று போனது. காப்பிக் கடைக்காரர், இனி இந்தப் பக்கம் வருவாயா என்று கேட்டார். வருவேன் என்றேன். வழியில் லயமே இருக்காதே என்றார். அதை யோசிக்க வேண்டும்.

இறக்கத்தில் மழை. மணி துருப்பிடித்துவிடும். எண்ணெய் போட வேண்டும்.

மாசி 11, வெள்ளி

லாபு எஸ்டேட் லயத்தில் படுத்து எழுந்து நடை. இடது குதிகாலில் கொப்புளம். வாயில் சேலை இரண்டு போனது. மம்பாவ் சோதனையில் "சாப்பாடு ஏதும்?" என்றார்கள். வயிற்றைத் தட்டிக் காட்டினேன். சிரிக்கவில்லை.

ரந்தாவ் ஐந்தே கால். ஸ்டேஷனில் பாஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மீனாட்சி வெந்நீர் வைத்தாள். காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மாசி 12, சனி

காலையிலிருந்து தூறல். மே.டி. சனங்களை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கி, ரந்தாவ் வழியாகத்தான் ரோட்டோரத்துக்குக் கொண்டு போகிறார்கள். பத்து மணிக்குப் பட்டாள லாரிகள். மூன்றாவதில் சரசு, அதே சேலையில், பானை சட்டி மேல். பக்கத்தில் மாப்பிள்ளை, மடியில் கோழி. அஞ்சலை பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்கு முன்னால் லாரி மெதுவாகப் போனது.

"அண்ணே, சாப்டீகளா?"

லாரி முழுக்கச் சிரிப்பு. கதை பரவியிருக்கிறது.

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது: "சாயங்காலம் அக்காவப் பாத்துருவேன். ரெண்டு நாளு முந்தி அவள விட்டிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும் இவனுகளுக்கு? அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கொழம்பு ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொல்லு!"

லாரி திரும்பிவிட்டது.

உப்பு தூக்கல். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.