ஒரு சாண் ஒயர்

8 நவம்பர் 2009, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஆலயம் முடித்து வந்து, சாப்பிட்டு, முன் அறையில் பழைய பாயை விரித்து ரால்ஃப் சாரின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். தூக்கினால் ஒரு தலையணை கனம்தான்.

ரால்ஃப் சார் எங்கள் ஷூ கம்பெனியில் தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிற ஜெர்மன்காரர். ஒரு வருடமாகக் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் வாசம். ஞாயிறு காலையில் பேர்ணாம்பட்டு ரோட்டில் இந்தச் சைக்கிளில் பறப்பார். இதில் கியர் மாற்ற இழுவைக் கம்பி கிடையாது. பித்தானை அழுத்தினால் பின்னால் ஒரு குட்டி மோட்டார் சங்கிலியைத் தள்ளிவிடும். பேட்டரி, ஒயர் எல்லாம் உண்டு. போன மாதம் தோல் லாரி ஒன்று உரசி, பின் கியருக்குப் போகும் ஒயர் நசுங்கிவிட்டது. பஜாரில் சைக்கிள் கடை பாய் குனிந்து பார்த்துவிட்டு, "இது டிவி மாதிரி கீது சார், நம்மால ஆவாது" என்று ஒதுங்கிவிட்டார்.

புது ஒயர் சாம்பிள் பார்சலோடு ஜெர்மனியிலிருந்து வந்தது. சார் ஒரு வாரம் கான்பூர் கிளம்ப வேண்டியிருந்தது. கேண்டீனில் எல்லாருக்கும் எதிரில் நான்தான் வாயைத் திறந்தேன். "நான் பண்றேன் சார்." பத்தொன்பது வருடமாகத் தையல் மெஷின் மெக்கானிக். நான் பிரித்து மாட்டாத மெஷின் கம்பெனியில் இல்லை என்று பேர். அவர் ஒரு தாளில் படம் போட்டு, இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். "ஐ நோ சார்" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பத்தில் ஜோர். ஒயர் சட்டத்தின் குழாய்க்குள் ஓடுகிறது. தையல் லைனில் நூல்கண்டு மாற்றும்போது செய்வதையே செய்தேன். பழையதன் வாலில் மெழுகு நூலால் புதியதை முடிந்து, மெதுவாக மறுபக்கம் இழுத்தேன். சொன்னபடி கேட்டது. எஸ். (என் மனைவி எஸ்தர், அதே கம்பெனியில் செக்கிங்) கதவோரம் நின்று பார்த்து, "பரவால்லியே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் தலை கனத்துவிட்டது.

மாட்டி முடித்தால் ஒரு சாண் ஒயர் மிச்சம். கீழே தொங்குகிறது.

எங்கள் கம்பெனியில் தொங்குவது எதுவும் பாஸ் ஆகாது. ஒரு நூல் பிசிறு இருந்தால் ஜோடியே திரும்பி வரும். சைக்கிள் பிரேக் கம்பியையும் முறுக்கிவிட்டு மிச்சத்தை வெட்டித்தானே பழக்கம். நடுவில் ஒரு சாண் எடுத்துவிட்டு முனைகளை ஒட்டிவிடலாம், ஒயர்தானே என்று நினைத்தேன். "தொங்குதுங்க" என்று எஸ். சொன்னதால்தான் வெட்டினேன் என்று எழுதப் போனேன். பொய். அவள் சொல்லும்போது கட்டர் ஏற்கெனவே என் கையில்.

வெட்டிய இடத்தில் பார்த்தேன். உள்ளே முடி மாதிரி இரண்டு செம்பு. அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. எஸ்.-இடம் நாளைக்கு முடித்துவிடுவேன் என்றேன்.

9 திங்கள்

மழை. ஷெட் ஓரம் ஒழுகல், வாளி வைத்தாயிற்று. நாலாம் நம்பர் மெஷினில் ஊசி உடைகிறது, பார்க்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து சால்டரிங் இரும்பு எடுத்து வந்தேன். சாயந்தரம் ஒட்டிப் பார்த்தேன். முதல் தடவை மேல் உறை உருகியது. இரண்டாம் தடவை ஒட்டியது, ஆனால் ஒட்டின இடம் புளியங்கொட்டை அளவு. குழாய் ஓட்டைக்குள் நுழையவில்லை. வெளியிலேயே வைத்துப் பித்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு வரும், அப்புறம் பித்தானால் துளித் துளியாக நகர்த்திச் சங்கிலியை நேர் செய்யலாம் என்று சார் வாயாலேயே சொல்லியிருந்தார். விளக்கே வரவில்லை.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தேன். வியர்வையில் பாதி மங்கல். நாலாவது வரி, கீழே இரண்டு கோடு போட்டு: ஒயரை வெட்டாதே, மிச்சத்தைக் குழாய்க்குள்ளேயே மடித்து வை.

ஐ நோ சார்.

10 செவ்வாய்

செய்தது:
ஒட்டியதைப் பிய்த்தேன்.
லாஸ்டிங் பின்சரால் (தோலை அச்சின் மேல் இழுத்துப் பிடிக்கும் பல் வைத்த குறடு) இரண்டு முனைகளையும் கடிக்கவிட்டேன்.
வெட்டின சாணைச் சின்னத் துண்டுகளாக்கிக் காகிதத்தில் மடித்தேன்.
மதியம் கம்பெனி வேனில் சைக்கிளைக் கொண்டுபோய், கெஸ்ட் ஹவுஸ் சமையலறையை ஒட்டின ஸ்டோர் ரூமில் நிறுத்தினேன்.
துண்டுகளைத் தரையில் தூவினேன்.

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இருக்கட்டும்.

மெஹ்ரூன் அக்கா டீ கொடுத்தார். ஒன்பது வருடமாகக் கெஸ்ட் ஹவுஸில் சமையல், சுத்தம் எல்லாம் அவர்தான். "முடிஞ்சிச்சா தம்பி வேலை?" என்றார். "முடிஞ்சிதுக்கா. நாளைக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டா போதும்." டீயில் இஞ்சி. முழுக்கக் குடித்தேன்.

11 புதன்

காலையில் போய், ஸ்டோர் ரூமைத் திறந்து, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் நன்றாகவே இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எலியா? இங்கியா? யா அல்லா. நேத்து காலையிலகூட பெருக்கினேனே தம்பி." அழவில்லை. உடனே துடைப்பம் எடுத்தார், அப்புறம் பினாயில் வாளி. நான் வாசலில் நின்றேன். வாட்ச்மேன் போய் நிர்வாக மேனேஜரிடம் சொல்லிவிட்டான். நான் சொல்லவில்லை. சொல்லாமல் தடுக்கவும் இல்லை.

12 வியாழன்

வெயில் அடித்தது. ரால்ஃப் சார் காலை ரயிலில் வந்துவிட்டார். ஒயரை உருவிக் கையில் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம். "எலி" என்றேன். "ம்ம், எலி" என்று இங்கிலீஷில் சொல்லிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். வேலை செய்ததற்கு நன்றி வேறு சொன்னார்.

சாயந்தரம் மேனேஜர், வெளிநாட்டு ஆள் தங்குகிற இடத்தில் எலியா என்று சத்தம் போட்டு, மெஹ்ரூன் அக்காவை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டாராம். நாலாம் நம்பர் மெஷினிடம் போய் அரை மணி உட்கார்ந்திருந்தேன். அதன் ஊசிக் கோளாறை முன்பே சரிசெய்தாயிற்று.

13 வெள்ளி

கேண்டீனில் இதே பேச்சு. "ஜெர்மன் ஒயரு, ருசி ஜாஸ்தியா இருந்திருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வீட்டில் எஸ். துணி ஊற வைக்கும்போது என் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள். நாலாவது வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"இன்னாங்க இது, வெட்டாதேன்னு போட்ருக்குது?"

"அது வேற ஒயரு."

அவள் மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடி: "அந்தக்கா இருக்கிற இடத்துல எலி வருமா? தரையில சோறு போட்டே சாப்புடலாம்."

தண்ணீர் மோட்டார் போடுவதாகச் சொல்லி வெளியே போனேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

14 சனி

மத்தியானம் மெஹ்ரூன் அக்கா வீடு தேடி வந்துவிட்டார். குடை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கம்பி எலிப்பொறி. எஸ். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"புதன், வியாழன் ரெண்டு நாளும் அங்க வச்சேன் தம்பி. தேங்காச் சில்லு, கருவாடு, எல்லாம் மாத்தி மாத்தி. ஒண்ணும் வுழல. நேத்து வாட்ச்மேன வைக்கச் சொன்னேன், அப்பவும் வுழல. எங்க பூந்து வந்துதுன்னே தெரியல. ஒரே பேஜாரா கீது. நீங்க ஞாயித்துக்கிழம கூட ஒழைச்சி முடிச்ச வேல, என்னால கெட்டுப்போச்சி. அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். காலடியில் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒரே ஒரு ஒத்தாசை. அந்த தொரைகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு கம்பெனிக்கே தெரியும்."

எஸ். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சொல்றேன்க்கா" என்றேன். அக்கா போகும்போது பொறியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். "மழைக் காலம். இங்க வந்தா புடிங்க. எனக்கு இனிமே எதுக்கு."

15 ஞாயிறு

இன்று திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள்; மனதில் குற்றத்தோடு வாங்கக் கூடாது என்பார்கள். எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. பக்கத்தில் இருந்த உபதேசியார், உடம்பு சரியில்லையா என்று காதோடு கேட்டார். தலையை ஆட்டினேன். எஸ். போய் முழங்கால் போட்டு, வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் அந்தத் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்க போய்ட்டு வாங்க." எங்கே என்று சொல்லவில்லை. நேராகக் கெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தேன்.

ரால்ஃப் சார் வராந்தாவில் ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தார். தானே பொரித்ததுபோல, ஓரமெல்லாம் கருகல். தாளை மேசையில் வைத்து, நான்தான் வெட்டினேன், எலி இல்லை என்று சொன்னேன். இங்கிலீஷ் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தைத் தமிழில் சொன்னேன்.

உள்ளே போய், அந்த ஒயரையும் ஒரு லாஸ்டிங் பின்சரையும் கொண்டுவந்தார். பின்சரின் வாயை ஒயர் முனையின் மேல் பொருத்தினார். பல்லுக்குப் பல் சரியாக உட்கார்ந்தது. "முப்பது வருடமாக இதைக் கையில் பிடிக்கிறேன்" என்றார். வியாழக்கிழமையே தெரியுமாம். நானாக வருவேன் என்று காத்திருந்தாராம்.

"ஒயர் வேறு வாங்கலாம். மெஹ்ரூன் எப்போது லீவிலிருந்து வருவார்?"

லீவு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லை, நிறுத்திவிட்டார்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். மேனேஜரிடம் நான் பேசட்டுமா, நீ பேசுகிறாயா என்று கேட்டார். நான் என்றேன். "அந்த அம்மாவிடமும் நீ" என்றார்.

16 திங்கள்

காலை எட்டரை. மேனேஜர் அறை. நின்றபடியே சொன்னேன். கதவு திறந்திருந்தது. வெளியே தையல் லைன், செக்கிங் பெண்கள், எஸ். உட்பட. மேனேஜர் பேசியதை எழுதவில்லை. எனக்கு மெமோ. அக்கா நாளைக்கே வேலைக்கு வரலாம்.

சாயந்தரம் பொறியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மசூதித் தெரு, பச்சைக் கதவு. தெருவெல்லாம் சேறு. கதவைத் திறந்ததும் சிரித்தார். "தொரைகிட்ட சொன்னீங்களா தம்பி?"

"எலி வரலக்கா. ஒயர வெட்டுனது நான். பயந்துகினு எலி மேல போட்டேன். ஒங்க மேல வுழும்னு தெரிஞ்சும் சும்மா இருந்தேன். நாளைக்கு வரச் சொன்னாங்க."

சிரிப்பு அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பித்தானைப் பார்த்தபடி நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ரூம மூணு வாட்டி கழுவுனேன் தம்பி" என்றார்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் பார்த்தேன், பொறி என் கையிலேயே இருந்தது.