புங்கமரத்துக்கு ஒரு வாரம்

பிப்ரவரி 27
நான்கு கூடை சருகு. வாசல் புங்கமரத்தில் மிச்சம் ஒரு காக்கை மட்டும்.

மார்ச் 2
தெருச் சங்கக் கூட்டம். செயலாளர் பஞ்சநதம், எதிர் வீடு, ஆற்றில் மதகு திறந்தே ஓய்வு பெற்ற பொறியாளர்.

"டீச்சர், மரம் பட்டுப்போச்சுங்க. காத்தடிச்சா என் கார் மேல விழும். வெட்டிடலாம்."

"பட்டுப்போகல சார். இலை மாத்துது."

"எப்ப மாத்தி முடிக்கும்? தேதி சொல்லுங்க."

மேட்டூர் அணையில் ஜூன் பன்னிரண்டு தண்ணீர் என்று சொல்லிச் சொல்லி, அது வருஷா வருஷம் தள்ளிப்போயே தலை நரைத்தவர், மரத்திடமும் தேதி கேட்கிறார். "ஒம்பதாம் தேதி" என்றேன். எந்தத் திமிரில் சொன்னேன்? தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது: அதற்குள் துளிர்க்காவிட்டால் பத்தாம் தேதி வெட்டு.

முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவள். ஓய்வு பெற்ற மறுநாள் நானே குழி வெட்டி நட்ட மரம்.

மார்ச் 5
ஒன்றுமில்லை.

மார்ச் 7
பஞ்சநதம் மரத்தைப் பார்த்தார், பிறகு என்னை. துக்கம் விசாரிக்க வந்தவர் முகம்.

நாலு குடம் தண்ணி ஊத்தினேன். இந்த மரத்துக்கு இப்ப தண்ணி வேண்டாம், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊத்தினேன். துளிர்த்துத் தொலையேன் —

மார்ச் 9
தெருவில் ஆள் இல்லாதபோது பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை. சந்தேகம் வந்தால் இப்படிப் பார் என்று மாணவிகளுக்குச் சொன்னதுண்டு. எனக்கே சந்தேகம் வந்ததை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

உச்சியில் புள்ளி புள்ளியாக ஏதோ. மொட்டா, என் கண்புரையா?

மார்ச் 10
மரம் அறுக்க வந்த ஷேக் பரீத் பாதி ஏறியவர் நின்றுவிட்டார். "யாருங்க இதைப் பட்ட மரம்னது? கிளைக்குக் கிளை துளிரு! நான் கை வைக்க மாட்டேன்."

பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். "ஒரு நாள் லேட்டு, டீச்சர்."

"மேட்டூருக்கு இது தேவலையே சார்."

ஷேக் பரீத் சிரித்ததில் கயிறு நழுவியது.

மார்ச் 14
மரம் முழுக்க எண்ணெய் தடவினாற்போல் இளம்பச்சை. நான்கே நாள். தஞ்சாவூருக்கு வசந்தம் வந்தது, வேலையை முடித்தது, கிளம்பிவிட்டது. மதியம் நூறு டிகிரி.

ஏப்ரல் 6
பஞ்சநதத்தின் கார் புங்க நிழலில். மேலெல்லாம் பூ. வாசலில் நின்று போனில் மயிலாடுதுறைச் சம்பந்திக்கு வழி சொல்கிறார்: "தெருவுக்குள்ள வந்தீங்கன்னா பச்சைப்பசேல்னு ஒரு மரம் நிக்கும். நம்ம மரந்தான். அதுக்கு எதிர் வீடு."

நம்ம மரமாம்.

சம்பந்திக்குக் காது மந்தம் போலும். அதையே மறுபடி உரக்கச் சொன்னார். நான் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்து வைத்தேன்.