எனக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு சேதிகள்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை முகுந்தனும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் உடம்பு நோகாமல் இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி மட்டும்தான். எனக்கு நான்காவது முறை மருந்து ஏற்றி முடிந்தது, வாயில் கொஞ்சம் புண், விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, மற்றபடி நடமாடுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் முகம் பார்த்தால் நீ சிரிக்கிறாய், நானும் சிரிக்கிறேன், அப்பா பின்னால் நின்று கட்டை விரலைக் காட்டுகிறார், பேச வேண்டிய எதையும் பேசாமலே வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். கவலைப்பட்டால் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், அது விழுந்தால் நோய் ஏறிக்கொள்ளும் என்று யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குள் கெட்ட சேதியே நுழையக் கூடாது என்று சட்டம் போட்டார். டிவியில் செய்தி கிடையாது, பேப்பர் கிடையாது. பக்கத்து வீட்டுத் தாமரை ஒருநாள் தன் மாமியாரின் கருமாதி பற்றி வாயெடுத்தாள், அப்பா அவளைப் பேச்சுக் கொடுத்தபடியே கேட் வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்தார். நான் கொஞ்சம் முகம் வாடினால் போதும், ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளணு குறைந்துவிடும் அமுதா என்பார். பாசத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்கு என் பயத்தைப் பார்த்தே பயம் வந்துவிட்டது. நேற்று பயந்தோமே, அதில் கட்டி வளர்ந்திருக்குமோ என்று இன்று பயப்படுவேன். அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

சுங்கை வே ஊர் மார்க்கிரட்டைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன், மருந்து ஏற்றும் வார்டில் என் பக்கத்து நாற்காலி. எதையும் ஒளிக்காமல் பேசுகிறவள். செத்தால் எந்தச் சேலை கட்ட வேண்டும் என்றுகூடத் தன் வீட்டுக்காரர் ஜெயராஜிடம் சொல்லி வைத்திருந்தாள், அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவளிடம் மட்டும்தான் எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. திடீரென்று அவளிடமிருந்து பதில் நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதிப் பார்த்தேன், நான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று மனம் அடித்துக்கொண்டது. அப்பாவைக் கேட்டால், அவளை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

அடுத்த முறை போனபோது ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு நிறையக் குறைந்திருந்தது, மருந்து ஏற்ற முடியாது என்று திருப்பிவிட்டார்கள். நான் தாதியிடம் மார்க்கிரட்டை எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள் என்று கேட்டேன். அந்த மலாய்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆன்டி, அவர் போன மாதமே இறந்துவிட்டார், அங்கிளுக்குத் தெரியுமே என்றாள். திரும்பிப் பார்த்தேன், அப்பா ஜன்னலைப் பார்த்து நின்றார்.

டாக்டர் புனிதாவிடம் நேராகவே கேட்டேன், நான் கவலைப்பட்டுத்தான் வெள்ளணு குறைந்ததா என்று. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆன்டி, இது மருந்து செஞ்ச வேலை. நீங்க செஞ்சது இல்ல." ஓயாத கவலை தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும், அதனால் சுரக்கிற சில ஹார்மோன்கள் நோயை எதிர்க்கிற அணுக்களைச் சோர்ந்துபோகச் செய்யலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன, ஆனால் புற்றுநோயின் போக்கை அது எவ்வளவு மாற்றும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அழுததால் கட்டி வளர்ந்தது என்று ஒருவரையும் குற்றம் சொல்லக் கூடாது, சிரித்துக்கொண்டே இருந்தால் குணமாகும் என்பதும் இல்லை என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அங்கிள், மறைச்சு வச்சா அவங்க தனியா பயப்படுவாங்க" என்றார். அப்பா, "அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் லா..." என்றார்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்க் போட்டபடி சுங்கை வேயில் மார்க்கிரட் வீட்டுக்குப் போனோம். கூட்டம் கூடாது என்பதால் வீட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கடைசி வாரத்திலும் மார்க்கிரட் என்னைப் பற்றிக் கேட்டாளாம், அமுதாவுக்கு வாய்ப்புண் ஆறிடுச்சா என்று. ஜெயராஜ் அதைச் சொன்னதும் நான் குழாய்த் தண்ணீர் துணையில்லாமல் அழுதேன். அப்பாவும் அழுதார். போர்ட் கிள்ளானில் அத்தனை வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷன், அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிக் காரை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கை விடாமலே, "இன்னொண்ணு இருக்கு அமுதா. மாதவிக்குப் புள்ள தங்கல" என்றார்.

நீ முழுகாமல் இருந்ததும் எனக்குத் தெரியாது, அது நிலைக்காமல் போனதும் தெரியாது. நல்ல சேதியாகச் சொல்லக் காத்திருந்தாய், பிறகு அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டாய் என்று பிறகு சொன்னார். அவர் மேல் கோபப்படாதே, மார்க்கிரட் சேதியையும் உன் சேதியையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவரும் இளைத்துப்போனார். ஆனால் அந்த நேரத்தில் நீ போனில் என்னிடம் சிரித்துப் பேசியதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளைக்கு வலித்தபோது தலையைத் தடவ நான் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

வெள்ளணு ஏறுவதற்கு ஊசி போட்டார்கள், அடுத்த வாரம் வெள்ளணு ஏறியது, மருந்தும் ஏற்றினார்கள். சுங்கை வே போய் வந்ததால்தான் ஏறியது என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார், ஊசியால் என்கிறார் டாக்டர். எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

மாதவி, நீ ஏதும் செய்து அது போகவில்லை. வேலைக்குப் போனதாலோ, என் நோயை நினைத்துக் கவலைப்பட்டதாலோ போனது என்று உன்னை நீயே குத்திக்கொள்ளாதே. அங்குள்ள டாக்டரிடம் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், சூடாகச் சாப்பிடு, முகுந்தனையும் அழ விடு, ஆம்பிளைகள் அடக்கி வைப்பதை இங்கே ஒருவரிடம் பார்த்துவிட்டேன். எனக்கு நோய் வந்திருக்கிறதே தவிர, உனக்கு அம்மாவாக இருப்பது நிற்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும், என் பிள்ளைகள் இருவரும், மனம் தேறி, நீண்ட ஆயுளோடு நல்லபடி வாழ வேண்டும். புதன்கிழமை மறுபடி மருந்து, அரைநாள் அந்த நாற்காலியில்தான் இருப்பேன். அப்போது கூப்பிடு. சிரிக்க வேண்டாம், நடந்ததை முதலிலிருந்து சொல், நான் கேட்கிறேன்.

என்றும் உன் அம்மா,
அமுதவள்ளி பழனியப்பன்