டியூலாப்பில் கத்தி

குன்னத்துகால்
1-9-1954

அன்பு மகன் எலியாவுக்கு அம்மா ஞானபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் பசுவும் சுகம். மதராஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, மாட்டு வைத்தியப் படிப்பை நல்லபடி படித்துச் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இதை எழுதும்போதும் சிரிப்பு நிற்கவில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். பசுவின் கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலில் கட்டி வந்ததற்கு நீ கார்டு போட்டாயே, டியூலாப்பில் கத்தி வைக்கவேண்டும், வெள்ளிக்கிழமை தாண்டக்கூடாது என்று, அது வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் போலீஸ் வீட்டைச் சோதனை போட வந்தது. அப்பா தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்கும் ஊர்வலத்துக்கெல்லாம் போகிறவர் அல்லவா. நோட்டீசு ஒன்றும் அகப்படவில்லை, உன் கார்டுதான் அகப்பட்டது. ஏட்டு பொன்னப்பன் டியூலாப் என்ற வார்த்தையை இரண்டாகப் பிரித்து, டியூன்னா பனி, லாப்புன்னா மடி, மடியில கத்தி வச்சு இண்ணைக்கு யாரைக் குத்தப் போறீரு என்று கேட்டு அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார். தமிழுக்காக நடந்தவரை ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காகப் பிடித்தார்கள்.

அங்கே போய் வந்தவர்களின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழி தோன்றாமல் பசுவை அவிழ்த்துக்கொண்டு ஸ்டேஷன் முற்றத்துக்கே போனேன். பள்ளிக்கூடத்துக் கிருஷ்ணன்குட்டி சார் பெரிய அகராதியைச் சுமந்துகொண்டு கூட வந்தார். இதாக்கும் சாரே டியூலாப், தொட்டுப் பாருங்க என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். லாப் என்பது இங்கே மடியல்ல, பழைய இங்கிலீஷில் தொங்குகிற துண்டு என்று கிருஷ்ணன்குட்டி சார் அகராதியை வாசித்துச் சொன்னார். டியூ எப்படி வந்தது என்று யாருக்கும் தீர்மானமில்லையாம், மேயும்போது புல்லின் பனியைத் தடவுவதால் என்று சிலர் சொல்லுகிறார்களாம். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், பசு அவர் தொப்பியை ஒரு நக்கு நக்கியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, கூட்டிட்டுப் போங்கம்மா என்றார்.

ஆனால் அப்பா நகரவில்லை. வெள்ளி தாண்டக்கூடாதுன்னு மகன் எழுதியிருக்கான், இங்க நல்ல கத்தி உண்டா என்று கேட்டார். ஏட்டே கத்தியைத் தீயில் காட்டிக் கொடுத்து, கயிறும் பிடித்தார். அப்பா கட்டியைக் கீறின வேகத்தில் சீழ் முழுக்க ஏட்டின் காக்கிச் சட்டையில் தெறித்தது. போன மாதம் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த நாள் முதல் சிரிக்காத அப்பா வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

புண்ணுக்கு இனி என்ன போடவேண்டும் என்று சீக்கிரம் எழுது. தமிழிலேயே எழுது மக்களே. பசுவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஏட்டு தினமும் வாறார், கார்டை அவரும் வாசிப்பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
ஞானபாய்