அடாப்டரைக் கழிக்காத மெமோ

புரட்டாசி 2, வெள்ளி

காலையிலிருந்து மழை. மேகத்தில் மைக்ரோவேவ் கோபுரம் பாதிதான் தெரியுது. கீழே கள்ளக்குறிச்சி ரோட்டில் இடஒதுக்கீடு கேட்டு மறியல், மரம் வெட்டிப் போட்டிருக்காங்க. மலையை விட்டு நானும் இறங்க முடியல, சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் சாரும் இறங்க முடியல. அரிசி இருக்கு. பருப்பு கம்மி.

டெலிபோன் லைனில் இரைச்சல் ஏன்னு பார்க்க வந்தவர். சிக்னலை வடிகட்டற பில்டரைக் கழட்டி அனலைசர் பெட்டியில் அளந்தார். திரையில் கோடு நடுவில் பெரிய பள்ளம்.

"பில்டர் காலி. ஆடி மாசம் இதைக் கழட்டித் துடைச்சது யாரு?"

"நான்தாங்க."

உடனே மெமோ. என் அஜாக்கிரதையால் கெட்டதாம். மூணு நாளில் விளக்கம் தரணுமாம். பதினோரு வருசமா நான் இங்க தற்காலிக ஆள், துடைக்கிறதும் சமைக்கிறதும் நான்தான். நிரந்தரம் பண்ற லிஸ்ட்டில் இந்த வருசம்தான் பேர் ஏறியிருக்கு. மெமோ பைலில் போனால் பேர் போச்சு.

பேப்பரை நீட்டும்போது ஒரு பேச்சு வேற: "இந்த லட்சணத்துல உங்களுக்கெல்லாம் கோட்டா வேணும்."

வந்த ஆத்திரத்தில் ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு. அதை நானும்தான் குடிச்சேன்.

புரட்டாசி 3, சனி

மழை விட்டது. கோபம் விடல. யோசிச்சது:

— பில்டருக்கு ஒரு பக்கம் திருகு முனை, கேபிள் நேரா மாட்டும். மறுபக்கம் செவ்வக வாய், பித்தளைக் குழாய்க்கு.
— அளக்கிறதுக்கு முன்னாடி சார் பெட்டியைப் பூஜ்யத்தில் நிறுத்தி கேலிபரேஷன் பண்ணது ரெண்டு கேபிளோட திருகு முனையில். அதுவரைக்கும் சரி.
— அப்புறம் ஒரு கேபிளில், குழாய் வாய்க்குப் பொருந்தற அடாப்டரைச் சொருகி அதில் பில்டரை மாட்டினார். அடாப்டர் பண்ற கோளாறெல்லாம் பில்டர் தலையில்.

குழாய் வாய்க்குன்னு தனி கேலிபரேஷன் பெட்டி உண்டு. அது ஜீப்பில், சாரை விட்டுட்டு இறங்கின ஜீப் மறியலில். அது வரட்டும்னு இவர் பொறுக்கல. நைனார்பாளையம் மண்டியில் கோணி எடையைக் கழிக்காம நிறுத்தால் சட்டையைப் பிடிப்பாங்க. இங்க கழிக்காதவர் மெமோ கொடுக்கிறார்.

சொல்லிப் பார்த்தேன்.

"என்ன படிச்சிருக்க?"

"பத்தாவதுங்க. கணக்குல ரெண்டாம் தடவை பாஸ்."

"அப்ப எனக்குச் சொல்லித் தராத."

மதியம் எங்க தெரு பாய் கடைக்கு போன் போட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "ஏங்க, பெரிய எடத்து ஆளு, வாய் குடுத்துக்கினு நிக்காதீங்க." குடுத்தாச்சு. பக்கத்தில் சின்னவ குரல்: "அப்பா எப்ப வரும்? ரோட்டுல மரமாமே, தாண்டி வரச் சொல்லு!" முப்பது மைல் தாண்டணும், கண்ணு.

பல் வலி. கிராம்பு தீர்ந்தது.

புரட்டாசி 4, ஞாயிறு

சாருக்குப் பொழுது போகல. பழைய பேப்பரை மூணாந்தடவை படிச்சாச்சு. அதான் சமயம்னு போய் நின்னேன்.

"சார், இதே மாதிரி இன்னொரு அடாப்டர் இருக்கு, ரெண்டையும் வாயோட வாய் வச்சு மாட்டுங்க. நடுவுல பில்டரே வேணாம். அப்பவும் பள்ளம் வந்தா?"

"வராது."

வந்தது. அதே இடம், அதே பள்ளம். மனுசன் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கினு மறுபடி பார்த்தார்.

கழட்டி டார்ச் அடிச்சோம். முந்தாநாள் அளந்த அடாப்டருக்குள்ள, சிக்னலை எடுக்கற சின்னக் குச்சி மேல காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். போன ஆயுத பூஜைக்கு வச்சது. வச்ச கை இதோ, இதை எழுதற கைதான். பழைய ஆபீசர் பக்கத்தில் நின்னு "ஒண்ணையும் விட்றாதப்பா" ன்னார். நானும் விடல, வாய்க்குள்ள விரலை விட்டு வச்சேன். பக்தி ஜாஸ்தி.

"யாரு வேலை இது?"

ஒரு நிமிசம் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நான்தாங்க."

சார் அடாப்டரை என் கையில் கொடுத்தார். வாங்கிச் சுரண்டித் துடைச்சேன்.

புரட்டாசி 5, திங்கள்

வெயில். மரத்தை ஓரம் தள்ளி வழி விட்டாங்களாம். பதினொரு மணிக்கு ஜீப் வந்தது, பெட்டியும் வந்தது. திருகுப் பக்கம் திருகுத் துண்டு, குழாய்ப் பக்கம் குழாய்த் துண்டு வச்சு முறையா கேலிபரேஷன். பில்டர் கோடு மேசை மாதிரி நேரா. இரைச்சலுக்குக் காரணம் கோபுர உச்சி இணைப்பில் மழைத்தண்ணி. நான் ஏறித் துடைச்சு இறுக்கினேன்.

"மெமோவுக்கு நம்பர் போட்டாச்சுப்பா, கிழிக்க முடியாது. நீ பதில் எழுது, ஏத்துக்கிட்டேன்னு நான் கையெழுத்துப் போடறேன், விஷயம் அதோட முடியும்." அவர் கேட்ட கேள்விக்கு அவரே இங்கிலீஷில் பதில் சொல்ல, நான் எழுத. ஸ்பெல்லிங்கும் அவருதே. கடைசி வரியா அவர் சொன்னது: என் அஜாக்கிரதைக்கு வருந்துகிறேன்.

பேனாவை மூடிட்டேன்.

"இன்னாத்துக்குங்க வருந்தணும்?"

"ஃபார்மாலிட்டிப்பா. எல்லாரும் எழுதறதுதான்."

"பில்டரை நான் கெடுக்கலைங்க. சந்தனத்துக்கு வருந்தறேன், தனிப் பேப்பர் குடுங்க, இப்பவே எழுதறேன். இதுல எழுத மாட்டேன்."

ஜீப் டிரைவர் ஹாரன் அடிச்சான். சார் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். பேப்பரை வாங்கினார், அந்த வரி இல்லாமலே ஏற்கப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் பையிலிருந்து இன்னொரு வெள்ளைப் பேப்பர் எடுத்து என் முன்னால வச்சார்.

"தமிழ்லயே எழுது. சந்தனத்துக்கு."

எழுதினேன்.