அக்டோபர்க் கேரட்

தோமிசேலே,

மே மாதம் நீ விதைத்த கேரட்டை நேற்றுத்தான் தோண்டி முடித்தேன். பூட்டிய உன் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. நான்தான் வேலி தாண்டிப் போய்க் களையெடுத்து வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல். தழையைத் திருகி எறிந்துவிட்டு, உன் நிலவறையிலேயே ஈர மணலில் அடுக்கினேன். முதுகுக்குப் பின்னால் நீ நிற்பதுபோலவே இருந்தது. "நெருக்கி வைக்காதடி, ஒண்ணோட ஒண்ணு பட்டா அழுகிடும்" என்று உன் குரல் கேட்டது. திரும்பினால் படியில் வெறும் வெளிச்சம்.

என் கணவர் பால்ட்ரூஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். "சைபீரியா போனவங்க எங்க திரும்பப் போறாங்க? நீயும் தின்னு," என்றார். நான் மீதியை மணலால் மூடினேன்.

சைபீரியாவுக்கு நாடுகடத்த உங்களை லாரியில் ஏற்றியதற்கு முந்தின நாள் மாலை நான் வேலியோரம் வந்தேனே, நீ விதை தூவிக்கொண்டிருந்தாய். "இது லேட் ரகம்டி. அக்டோபர்லதான் தோண்டணும். குளிர்காலம் பூரா கெடாது," என்றாய். "நல்லா வரும்," என்றேன். அன்று மதியமே எங்கள் மேசையில், ஏற்றப்போகிறவர்களின் பட்டியலைப் பார்த்திருந்தேன். உங்கள் குடும்பத்தின் பெயர்கள், பால்ட்ரூஸின் கையெழுத்தில். சொல்லத்தான் வந்தேன். சொல்லவில்லை.

கொஞ்சம் கேரட்டை அரிந்து அடுப்பில் உலர்த்தி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பையின் அடியில் வைத்துத் தைக்கிறேன். நீ பதில் எழுத வேண்டாம். சூப்பில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடு. யார் அனுப்பியது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லாதே.

பக்கத்து வீட்டுக்காரி