பூனை என்றுதான் சொன்னார்

மதிப்பிற்குரிய பிரகாஷ் அண்ணனுக்கு,

செங்கம் ரோடு விடுதி ரிசப்ஷனிலிருந்து கீதாஞ்சலி வணக்கத்துடன் எழுதுவது. நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததும் நியாயம்தான். நீங்கள் இப்போது வேலை பார்க்கும் ஓசூர் கேன்டீன் முகவரியை உங்கள் வீட்டு வேதா அக்காதான் தந்தார்கள். கிழித்துப் போடுவதானாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. உங்களுக்குப் பிறகு சமையலுக்கு இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். சட்னியில் உப்பு ஜாஸ்தி என்று முதலாளி இராமலிங்கம் ஐயா தினமும் கத்துகிறார். தோசைக்கல்லில் கரண்டியால் தாளம் போட யாரும் இல்லை.

போன வருடம் கைக்கடிகாரத்தைத் தொலைத்த அமெரிக்கப் பெரியவர் வால்டர் திரும்ப வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, "எங்கே என் ஹெப் கேட்?" என்று உங்களைத்தான் கேட்டார். அவர் கையில் அதே கடிகாரம். ஊருக்குப் போனதும் பெட்டியின் கிழிந்த உள்துணிக்குள் அகப்பட்டதாம். அதற்காக உங்கள் வேலை போனது அவருக்குத் தெரியவே தெரியாது, அன்றைக்கே சென்னைக்குக் கிளம்பிவிட்டாரே. நீங்கள் சொந்த வேலையாக வெளியூர் போயிருப்பதாக அவரிடமும் பொய் சொன்னேன்.

அது என்ன சொல் என்று மெல்லக் கேட்டேன். அவருடைய அப்பா ஸ்விங் என்னும் ஜாஸ் வகை இசைக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவராம். அந்தக் காலத்தில் வாசிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் 'கேட்', அதாவது பூனை என்றுதான் கூப்பிடுவார்களாம். 'ஹெப்' என்றால் விவரம் தெரிந்தவன். ஹெப் கேட் என்றால் அந்த இசை ரத்தத்தில் ஊறிய ஆள். சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். ஆப்பிரிக்க மொழி ஒன்றில் 'கண் திறந்தவன்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்பார்களாம், அகராதிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லையாம். உங்கள் தோசைக்கல் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டிச் சிரித்தார். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

கடிகாரம் காணாமல் போன அன்றைக்கு அறைக்கு யார் வந்தது என்று ஐயா கேட்டார். நான்தான் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னேன். பிரகாஷ் டீ கொண்டுவந்தார், அவர் ஒரு ஹெப் கேட் என்றார் வால்டர். ஹெப் எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல பி.ஏ. இங்கிலீஷ் படித்தவளுக்கு வாய் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் ஐயா, "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தானே!" என்று கொதித்துவிட்டார். மதியத்துக்குள் உங்களை அனுப்பிவிட்டார்.

சொல்லின் அர்த்தம் தெரிந்த பிறகும் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அதையும் கடிகாரம் கிடைத்ததையும் ஐயாவிடம் சொன்னேன். "அவங்க பாஷை அப்படி இருந்தா நீ என்னம்மா பண்ணுவே? அவன வரச் சொல்லு" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணா, பழி பாஷை மேல் இல்லை. வால்டர் வெறும் பூனை என்றுதான் சொன்னார். 'திருட்டுப் பூனை' என்று ஐயாவிடம் சொன்னது நான். அதற்கு முந்தின வாரம் எல்லார் முன்னாலும், "மேடத்துக்கே இங்கிலீஷ் புரியலையாம்" என்று நீங்கள் கிண்டல் செய்தீர்கள். அந்தக் கோபம் உள்ளே இருந்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னதற்கு நான் உங்கள் சோற்றில் மண் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போய் வேதா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "பௌர்ணமிக்குக் கடை போட்டா, திருடன் பொண்டாட்டி கடைன்னு நம்ம ஊர்க்காரங்களே தாண்டிப் போறாங்க" என்றார்கள். பிறகு, "தண்ணி குடிங்க. மன்னிக்கிறது அவரு இஷ்டம்" என்று சொம்பை நீட்டினார்கள். 

இந்தக் கடிதத்தின் நகலை நாளைக் காலை ஐயா மேசையில் வைக்கிறேன். என் வேலை நிலைக்குமா தெரியாது. வரும் பௌர்ணமிக்கு, வேதா அக்கா விட்டால், கடையில் அவர்கள் பக்கத்தில் நிற்பேன். யார் தாண்டிப் போனாலும் கூப்பிட்டு உண்மையைச் சொல்வேன். நீங்கள் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

அண்ணாமலையார் உங்களையும் அக்காவையும் நல்லபடியாக வைக்கட்டும். எனக்காக எதுவும் வேண்டிக்கொள்ள மனம் வரவில்லை.

இப்படிக்கு,
'திருட்டு' என்ற சொல்லுக்குச் சொந்தக்காரி,
கீதாஞ்சலி